செகண்ட் ஹேண்ட் பைக் எப்படி பாத்து வாங்குறது, வாங்கினப்புறம் எதை முதல்ல மாத்துறது: மோல்மீன் பக்கத்து புதுசுங்களுக்கு

நம்ம பர்மாவுல மோல்மீன், முடோன், தட்டோன் பக்கமெல்லாம் பைக் இல்லன்னா கையொடிஞ்ச மாதிரிதான், காலைல சந்தைக்கு போறதுல இருந்து பிள்ளைங்கள டியூஷனுக்கு கொண்டு விடுறது, பங்குனில கோயிலுக்கு போறது வரைக்கும் எல்லாமே அதுலதான் ஓடுது. புது வண்டி எல்லாராலயும் வாங்க முடியல, அதனால முதல் தடவையா வாங்குற தம்பி தங்கச்சிங்க நிறைய பேரு பழைய வண்டிதான் பாக்குறாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான், கையில இருக்குற காசு மொத்தத்தையும் விக்கிறவர்கிட்ட குடுத்துடாதீங்க. அஞ்சுல ஒரு பங்கை ஒதுக்கி வச்சுட்டு மீதிக்கு வண்டி தேடுங்க, அந்த ஒரு பங்குதான் டயருக்கும் பிரேக்குக்கும் லைட்டுக்கும் போகணும். சைலன்சருக்கு இல்ல.

முதல் படி: எங்க ஓட்டப்போறீங்க?

யாங்கோன் நகரத்துக்குள்ள மோட்டார் சைக்கிளுக்கு 2003லேருந்து தடை இருக்கு, அது எல்லாருக்கும் தெரியும், ஆனா வேலை கிடைச்சு யாங்கோன் போகப்போற பிள்ளைங்க கூட அவசரத்துல வண்டி வாங்கிடுறாங்க. ஊருலயே இருக்கப்போறீங்கன்னா மட்டும் வாங்குங்க.

வண்டி வகையில நம்ம ஊருல பெரும்பாலும் மூணுதான் கண்ணுல படும். தாய்லாந்துல செஞ்ச ஹோண்டா வேவ், ட்ரீம் மாதிரி கிளட்ச் பிடிக்காம கியர் போடுற வண்டி, ஹோண்டா கிளிக் மாதிரி கியரே இல்லாத ஸ்கூட்டர், அப்புறம் கென்போ மாதிரி சீனா வண்டி. புதுசா ஓட்டுறவங்களுக்கு நான் வேவ் வகையைத்தான் சொல்லுவேன், 17 அங்குல சக்கரம் இருக்கறதால குழியில இறங்கி ஏறும், சாமான் எந்த கடையிலயும் கிடைக்கும், எந்த கிராமத்து மெக்கானிக்குக்கும் கை பழகின வண்டி. கிளிக் டவுனுக்குள்ள ரொம்ப சுகம், ஆனா சக்கரம் சின்னது, செம்மண் ரோட்டுக்கு அது சரி வராது. சீனா வண்டி விலை குறைவு, கார்ப்பரேட்டர் வண்டியா இருந்தா ரிப்பேரும் சுலபம், ஆனா திரும்ப விக்கும்போது விலை கிடைக்காது.

ரெண்டாவது படி: வண்டியைத் தொடுறதுக்கு முன்னாடி பேப்பர்

இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 'வித்தவுட்' வண்டின்னு சொல்லுவாங்கள்ல, எல்லை தாண்டி வந்து பதிவே ஆகாத வண்டி, விலை கேட்டா அவ்வளவு குறைவா இருக்கும். வேண்டாம். பிடிச்சாங்கன்னா வண்டியும் போச்சு காசும் போச்சு, அதுல போட்ட புது டயரும் சேர்ந்து போச்சு, திருடின வண்டியா இருந்தா இன்னும் பெரிய தலைவலி.

ஓனர் புக்கு, வீல் டாக்ஸ் (ரோட்டு வரி கட்டின சீட்டு) ரெண்டையும் ஒரிஜினலா கையில வாங்கிப் பாருங்க, போன்ல எடுத்த படம் காட்டினா ஒத்துக்காதீங்க. அதுல இருக்குற இன்ஜின் நம்பரையும் ஃபிரேம் நம்பரையும் வண்டியில அடிச்சிருக்குற நம்பரோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க, சேறு படிஞ்சிருந்தா துணியை மண்ணெண்ணெயில நனைச்சு துடைச்சிட்டு பாருங்க. நம்பர் இருக்குற இடத்துல மட்டும் புது பெயிண்ட் இருந்தாலோ, ராவின தடம் இருந்தாலோ, எழுத்து வரிசை கோணலா இருந்தாலோ அங்கேயே கிளம்பிடுங்க. வீல் டாக்ஸ் தேதி முடிஞ்சிருக்கான்னு பாருங்க, முடிஞ்சிருந்தா புதுப்பிக்கிற செலவு யாரோடதுன்னு அப்பவே பேசிக்கணும். பேர் மாத்த என்னென்ன வேணும்னு கஞன ஆபீசுல, அதாவது வண்டி பதிவு பண்ற போக்குவரத்து ஆபீசுல, முன்னாடியே விசாரிச்சு வச்சுக்கோங்க, முடிஞ்சா விக்கிறவரையும் கூட்டிக்கிட்டு அங்க போய் வேலை முடிஞ்சப்புறம் மீதிப் பணத்தைக் குடுங்க.

இன்னொண்ணு, நம்மள்ல பல பேருக்கு வீட்டுல கூப்பிடுற தமிழ் பேரு ஒண்ணு, அடையாள கார்டுல இருக்குற பர்மா பேரு ஒண்ணு. ஓனர் புக்குல கார்டுல இருக்குற பேருதான் வரணும், ஒரு எழுத்து கூட மாறக்கூடாது, பின்னாடி விக்கும்போது அலைய வேண்டியிருக்கும்.

மூணாவது படி: இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்க

"நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் அண்ணே"ன்னு போன்லயே சொல்லிடுங்க. போனதும் இன்ஜின்ல கை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், ஆறுற வரைக்கும் டீ குடிச்சுக்கிட்டு காத்திருங்க, இல்லன்னா இன்னொரு நாள் வாங்க. சூடான இன்ஜின் எல்லாமே நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகும், நோய் தெரியறது ஆறின இன்ஜின்லதான். பகல் வெளிச்சத்துல பாருங்க, மழையில பாக்காதீங்க, ஈரத்துல ஆயில் கசிவும் தெரியாது பெயிண்ட் வித்தியாசமும் தெரியாது.

ஆயில் கேஜை எடுத்துப் பாருங்க. கறுப்பா இருந்தா பரவால்ல, மாத்திக்கலாம், ஆனா பால் கலந்த டீ நிறத்துல இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு, வெள்ளத்துல ஓட்டின வண்டியா இருக்கலாம், விட்டுடுங்க. நம்ம மோன் மாநிலத்துல மே பாதியிலருந்து அக்டோபர் வரைக்கும் மழை எப்படி கொட்டும்னு சொல்லணுமா, அதனால இந்த சோதனையை எந்த காரணத்துக்காகவும் விடாதீங்க.

சாவி போட்டதும் எஃப்ஐ வண்டியில, அதாவது கார்ப்பரேட்டர் இல்லாம பெட்ரோலை இன்ஜெக்டர்ல பீச்சுற வண்டியில, ஒரு மஞ்சள் விளக்கு எரிஞ்சு அணையணும். எரியவே இல்லன்னா பல்பைக் கழட்டி வச்சிருக்கலாம், விட்டு விட்டு எரிஞ்சா கோளாறு இருக்கு. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி சைலன்சரைப் பாருங்க, ஆறின இன்ஜின்ல கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்னுட்டா அது வெறும் ஈரம்தான், நீலப் புகை தொடர்ந்து வந்தா ஆயில் எரியுது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேஞ்சிருக்கு, இன்ஜின் பிரிக்கிற செலவு வரும்.

இப்ப ஃபிரேம். இன்ஜினைக் கூட சரி பண்ணிடலாம், வளைஞ்ச ஃபிரேமை சரி பண்றது பெரும்பாடு. சென்டர் ஸ்டாண்ட் போட்டு பத்தடி பின்னாடி போய் குனிஞ்சு பாருங்க, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டுல நிக்கணும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவா இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்புங்க, நடுவுல வரும்போது ஒரு இடத்துல சிக்கி நிக்கிற மாதிரி இருந்தா ஹேண்டில் பேரிங் போச்சு. ஃபோர்க்குல ஆயில் வழிஞ்ச தடம் இருக்கான்னு விரல் வச்சுப் பாருங்க. பின் சக்கரத்தைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க, ஆடுச்சுன்னா பேரிங்கோ ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ தேஞ்சிருக்கு. அரிசி மூட்டை ஏத்தின வண்டியில இதெல்லாம் சீக்கிரம் போகும், கேரியர் வெல்டிங் பண்ணியிருக்கற இடத்தைப் பாத்தாலே எவ்வளவு பாரம் ஏத்தியிருக்காங்கன்னு தெரிஞ்சிடும்.

நாலாவது படி: ஓட்டிப் பாருங்க

கொஞ்ச தூரம் போதும். எல்லா கியரும் போட்டுப் பாருங்க, ரோடு காலியா நேரா இருக்குற இடத்துல மெதுவா போகும்போது ஹேண்டில் பிடியை லேசா தளர்த்துங்க, கையை முழுசா எடுக்க வேண்டாம், வண்டி ஒரு பக்கமா இழுக்குதான்னு தெரிஞ்சிடும். பிரேக் பிடிச்சா லீவர் துடிக்குதுன்னா டிஸ்க் வளைஞ்சிருக்கு. ஓட்டத் தெரியாதவங்க தெரிஞ்ச மாமாவையோ அண்ணனையோ கூட்டிக்கிட்டுப் போங்க, ஆனா அந்த ஆள் விக்கிறவரோட சிநேகிதரா இருக்கக்கூடாது.

அஞ்சாவது படி: விலை பேசுறது

போறதுக்கு முன்னாடி சாமான் கடையில டயர், செயின் செட்டு, பேட்டரி, பிரேக் ஷூ விலையைக் கேட்டு எழுதி வச்சுக்கோங்க. வண்டியில என்னென்ன மாத்தணும்னு பாத்துட்டு அந்தக் கணக்கைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்க, சும்மா "குறைச்சுக்கோங்க"ன்னு சொல்றதை விட இதுக்கு மதிப்பு அதிகம், விக்கிறவருக்கும் மரியாதை குறையாது.

ஆறாவது படி: மாத்துற வரிசை

வண்டி வீட்டுக்கு வந்ததும் இன்ஜின் ஆயில், பிளக், ஏர் ஃபில்டர் மூணையும் மாத்திடுங்க, பழைய ஆள் எப்ப மாத்தினாருன்னு சொன்னாலும் கணக்குல எடுக்காதீங்க. ஆயில் ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவுத்துடாதீங்க, கேஜ் கோட்டுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான்.

அப்புறம் டயர். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2319ன்னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பூ நல்லா இருந்தாலும் ரப்பர் கெட்டியாகி வெடிப்பு விட்டிருந்தா மழையில பிடிக்காது. வேவுக்கு முன்னாடி 70/90-17, பின்னாடி 80/90-17, இந்த அளவை விட்டு ரொம்ப அகலமா போகாதீங்க, பாக்க அழகா இருக்கும், ஆனா செயின் கவர்ல உரசும், வண்டியும் கனமாகும். பைக் ரேசுக்கு போடுற மாதிரி ஒல்லி டயரை சில பசங்க மாட்டுறாங்க, நம்ம ரோட்டுக்கு அது ரிம்மையே ஒடிச்சிடும், தயவு செஞ்சு போடாதீங்க.

டிரம் பிரேக்குல வெளியில ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், பிரேக்கை முழுசா பிடிக்கும்போது அது பக்கத்து குறியோட சேர்ந்துட்டா ஷூ முடிஞ்சுது. டிஸ்க் பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், மூடியில போட்டிருக்குற வகையைத்தான் ஊத்தணும்.

அடுத்து லைட்டு, ஹாரன். இதை நான் இவ்வளவு முன்னாடி வைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. நம்ம நாட்டுல 1970லேருந்து எல்லாரும் வலது பக்கம் ஓட்டுறோம், ஆனா ஜப்பான்லருந்து வந்த பழைய கார்ல ஸ்டீரிங்கும் வலது பக்கமே இருக்கு, அதனால லாரியை முந்துற கார்க்காரர் எதிர்ல என்ன வருதுன்னு பாக்க பாதி வண்டியை வெளியில நீட்டியாகணும். அந்த நேரத்துல எதிர்ல வர்ற நீங்க அவர் கண்ணுல உடனே பட்டாகணும், அதுக்காக பகல்லயும் ஹெட்லைட் போட்டு ஓட்டுங்க, மழையில கட்டாயம். சின்ன வண்டிங்கள்ல வழக்கமா 35 வாட் பல்புதான், அதை விட பெரிய வாட் போட்டா ஹோல்டர் உருகும், பேட்டரி இறங்கும். எல்இடி போடுறதா இருந்தா கரண்ட் கம்மியா எடுக்கறதா பாத்து வாங்குங்க, மாட்டினப்புறம் ராத்திரி ஒரு சுவத்துக்கு எதிர்ல நிறுத்தி டிம் வெளிச்சம் மேல சிதறுதான்னு பாருங்க, எதிர்ல வர்றவர் கண்ணைக் கூச வச்சா ஆபத்து உங்களுக்கும்தான். பேட்டரியை மீட்டர் வச்சுப் பாத்தா இன்ஜின் ஓடும்போது 13.5லேருந்து 14.5 வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.

ஹெல்மெட் ரெண்டு வாங்குங்க, பின்னாடி உக்கார்ற அம்மாவுக்கோ தங்கச்சிக்கோ ஒண்ணு.

செயினையும் பல் சக்கரத்தையும் செட்டாத்தான் மாத்தணும், பழைய பல்லுல புது செயின் போட்டா அதுவும் சீக்கிரம் தேஞ்சிடும். ரெண்டு பேரு ஏறி மேட்டுல போறவங்க செயின் மாட்டுற முன் பல் சக்கரத்துல ஒரு பல் குறைக்கலாம், 14க்கு 13 போட்டா இழுவை ஏறக்குறைய 8 சதவீதம் கூடும், ஆனா அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமா சுத்தும், நேர் ரோட்டுல நீள ஓட்டம் ஓட்டுறவங்களுக்கு வேண்டாம்.

சத்தம் போடுற சைலன்சர், ஓட்டை பெருசான ஏர் ஃபில்டர் ரெண்டையும் பசங்க முதல்ல கேப்பாங்க. 110 சிசி வண்டியில அதனால வேகம் ஒண்ணும் பெருசா வராது, காத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள அளவு கெட்டு இன்ஜின்தான் சூடாகும், அக்கம்பக்கத்துல கைக்குழந்தை இருக்குற வீடுங்களையும் நினைச்சுப் பாருங்க. அதுக்குன்னு எடுத்து வச்ச காசு இருந்தா பின் ஷாக்கை மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தாம ஜோடியா மாத்துங்க, பழசோட நீளம் அளந்து அதே நீளத்துல வாங்கி, மாட்டினதும் ரெண்டு பேர் ஏறி உக்காந்து நல்லா அமுக்கிப் பாத்து பின் டயர் மட்கார்டுல உரசலைன்னு உறுதி பண்ணிக்கோங்க.