ஆட்டோமேஷன் டிசைன் நிறுவனத்திடம் வேலை கொடுப்பது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

ஒரு மெஷின் வடிவமைத்துத் தர ஆள் தேடும் பலர் எடுத்த எடுப்பிலேயே கொட்டேஷன் கேட்கிறார்கள். நான்கு நிறுவனங்கள் நான்கு விலை சொல்லும். எதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் திணற வேண்டியிருக்கும். அதனால் கொட்டேஷனைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

படி 1: தேவையை எழுதுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். என்ன பாகம், எத்தனை வகை, அளவு, எடை, மெஷினுக்கு எவ்வளவு இடம், என்ன காற்றழுத்தம் கிடைக்கும் என எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

சைக்கிள் டைமை, அதாவது ஒரு பாகத்தை முடிக்க மெஷினுக்குக் கிடைக்கும் நேரத்தை, நீங்களே கணக்குப் போடுங்கள். மணிக்கு 510 பாகம் வேண்டுமென்றால், 3600 நொடியை 510-ஆல் வகுத்து 7 நொடி என்று எழுதிவிடாதீர்கள். பாகங்களை மெஷினுக்குள் ஊட்டும் ஃபீடர் காலியாகும், சென்சாரில் அழுக்குப் படியும். 85 சதவீத நேரம்தான் ஓடும் என்று வைத்தால், ஒரு பாகத்துக்கு 6 நொடிதான் கிடைக்கும். அந்த ஒரு நொடிக்காக பாகத்தைப் பிடிக்கும் கிரிப்பர் இன்னொன்று தேவைப்படலாம், விலையும் ஏறலாம்.

அப்புறம், சாம்பிள் கொடுக்கும்போது பொறுக்கியெடுத்த நல்ல பாகங்களை மட்டும் கொடுக்காதீர்கள். டாலரன்ஸின் (அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாட்டின்) இரண்டு எல்லைகளிலும் இருப்பவை, லேசாகப் பிசிறு உள்ளவை எல்லாம் போகட்டும். ஃபீடரில் சிக்குவது பெரும்பாலும் அவைதான்.

படி 2: செய்த வேலையைப் பாருங்கள்

படங்களும் வீடியோவும் போதாது. அவர்கள் செய்த மெஷின் உற்பத்தியில் ஓடும் இடத்துக்குப் போய், அதை இயக்குபவரிடம் பேசுங்கள். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், பி.எல்.சி (மெஷினை இயக்கிக் கட்டுப்படுத்தும் கணினி) வேலைகளில் எதை வெளியே கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

படி 3: ஒப்பந்தத்தில் கோப்புகளைச் சேருங்கள்

வெறும் பி.டி.எஃப் வரைபடத்தை வாங்கிக்கொண்டு ஓய்ந்துவிடாதீர்கள். ஸ்டெப் (STEP) என்ற பொதுவான 3டி கோப்பு பெரும்பாலான 3டி டிசைன் மென்பொருள்களில் திறக்கும் என்றாலும், டிசைன் ஹிஸ்டரி, அதாவது மாடலைப் படிப்படியாக உருவாக்கிய விவரம், அதில் வராது. மூல 3டி மாடலையே கேளுங்கள். பி.எல்.சி புரோகிராம் பாஸ்வேர்ட் பூட்டு இல்லாமல், கமென்ட்டுகளோடு வர வேண்டும். பின்னால் ஒரு டைமரை மாற்றக்கூட அவர்களுக்காகக் காத்திருக்கும் நிலை வரவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

படி 4: ஆபத்து மதிப்பீடு

மெஷினால் என்ன ஆபத்து வரலாம் என்ற மதிப்பீட்டை, மெஷின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ 12100 முறைப்படி கான்செப்ட் கட்டத்திலேயே செய்யச் சொல்லுங்கள். மெஷின் முடிந்தபின் பாதுகாப்புத் தடுப்பு (guard) மாட்டினால், பராமரிப்புக்குக் கை நுழைய வழியிருக்காது. கடைசியில் யாராவது அதைக் கழற்றிவிடுவார்கள்.

படி 5: அனுப்பும் முன் சோதியுங்கள்

அவர்கள் இடத்திலேயே, உங்கள் பாகங்களோடு, தொடர்ந்து சில மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சைக்கிளின் நடுவில் எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துங்கள். பட்டனை விடுவித்ததும் மெஷின் தானாகக் கிளம்பக் கூடாது; ரீசெட் செய்து, ஸ்டார்ட் கொடுத்த பிறகே ஓட வேண்டும். காற்றை நிறுத்துங்கள்: கிரிப்பர் பிடித்திருந்த பாகம் கீழே விழுகிறதா?

உங்கள் தளத்தில் நிறுவியபின் இதே சோதனைகளை மறுபடி செய்யுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதன் பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.