கடலூர் கடற்கரைப் பக்கம் குடிவந்தாச்சா? மணல் வாலிபாலில் சேர வழி

வேலை மாற்றலாகி கடலூர் வந்து, தேவனாம்பட்டினம், புதுப்பாளையம் பக்கம் வீடு பிடித்தவர்கள் கொஞ்ச நாளில் கேட்பது, சாயங்காலம் எங்கே விளையாடலாம் என்றுதான். முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், அல்லது பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்றால், நேராக அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் போங்கள். வேலை விட்டு வந்து நன்றாக வியர்க்க ஆடி, நாலு பேரைப் பழகி, இந்த ஊர்க்காரராக ஆக வேண்டும் என்றால் மணலில் நடக்கிற வாலிபாலுக்குத்தான் வர வேண்டும்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது, அந்த மணல் மீனவர்களின் வேலையிடம். படகு ஏற்றுவது, வலை உலர்த்துவது, மீனைப் பிரித்துக் கூறு போடுவது எல்லாம் அங்கேதான் நடக்கும். விளையாட்டு அதற்கு அப்புறம்தான். காய்கிற வலையை மிதித்துக்கொண்டு பந்தின் பின்னால் ஓடினால் யாருக்குத்தான் கோபம் வராது? வலையைச் சுற்றிப் போங்கள். ஊரில் ஒரு சாவு என்றால் அன்றைக்குக் கடலுக்கே போக மாட்டார்கள், பந்தும் எடுக்கக் கூடாது. டிசம்பர் 26 அன்று 2004 சுனாமியில் போனவர்களுக்காகக் கடலில் பால் ஊற்றி அஞ்சலி செலுத்துவார்கள். விளையாட வேண்டாம், போய்ச் சேர்ந்து நில்லுங்கள். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குக் கூட்டம் நிறைந்துவிடும், கோர்ட்டுக்கு இடமே இருக்காது. இதெல்லாம் தெரிந்து நடந்துகொள்கிறவரை டீம் தானாகவே கூப்பிடும்.

சேர்வதற்கு ஃபாரம் எதுவும் கிடையாது. நெட் கட்டும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள், ஆட்டம் தொடங்கிய பிறகு போகாதீர்கள். "அண்ணே, ஆள் குறைஞ்சா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு ஒரு கம்பத்தைப் பிடியுங்கள். கயிறு இழுப்பது, கோடு போடுவது, வெளியே போன பந்தை எடுத்துத் தருவது என்று கொஞ்ச நாள் போகும். யாராவது வராத நாளில் பின்வரிசையில் இடம் கிடைக்கும். அங்கே நின்று முதல் பாஸைச் சுத்தமாக செட்டர் (ஸ்மாஷுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) கையில் கொடுத்தால் போதும், ஸ்மாஷ் அடித்துக் காட்ட அவசரப்படாதீர்கள். பந்துக்கும் நெட்டுக்கும் பங்கு போடும்போது கேட்காமலே உங்கள் பங்கைக் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஆடும் டீமில் ஆள் நிறைந்திருந்தால், உங்கள் தெருவில் ஆட்களைச் சேர்த்துத் தனி கோர்ட் போடலாம். இடத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அவர்கள் காட்டுகிற இடம் படகு வழியை விட்டு விலகி இருக்கும், அதையே ஏற்றுக்கொள்ளுங்கள். கோர்ட்டைக் கரைக்கு இணையாக, வடக்கு தெற்காக நீட்டிப் போடுங்கள், நெட் கிழக்கு மேற்காக வரும். ஏன் என்றால், காலை வெயில் கடலிலிருந்து, சாயங்கால வெயில் ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறது, இப்படிப் போட்டால் இரண்டுமே யார் கண்ணிலும் நேராக அடிக்காது. மதியத்துக்கு மேல் எழும் கடற்காற்றும் குறுக்கே போகும், எந்தப் பக்கத்து டீமுக்கும் தனி லாபம் இல்லை. அந்தக் காற்று பந்தை ஊர்ப் பக்கம் தள்ளும். விடியற்காலையில் தரையிலிருந்து வீசும் காற்று அதையே கடலுக்குள் கொண்டுபோகும். அப்படிப் போன பந்துக்காக முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவே கூடாது, இழுப்பு எங்கே இருக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது. பந்து போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். சின்னப் பையன்களிடம் இதைத் தினமும் சொல்லுங்கள்.

அளவு: பக்கத்துக்கு இருவர் ஆடும் பீச் வாலிபாலுக்கு 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஆறு பேர் ஆடினால் 18க்கு 9. நெட் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. மூலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, எதிரெதிர் மூலைகளுக்குக் கயிறு பிடித்து இரண்டும் ஒரே நீளமா என்று பாருங்கள். கம்பத்துக்குச் சவுக்குக் கழி போதும். மணலில் முளை அடித்தால் இரண்டே ஸ்மாஷில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அதனால் சாக்கில் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, முழங்கால் ஆழக் குழியில் புதைத்து, கழியை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை அதில் கட்டுங்கள். நன்றாக மிதித்து மூடினால் நெட் தொய்யாமல் நிற்கும். நெட்டின் மேல் கயிறு நைலானாக இருக்கட்டும். இரும்புக் கம்பி போட்டால் உப்புக் காற்றில் துருப்பிடித்து, இழை இழையாகப் பிரிந்து கையைக் கிழிக்கும். கோர்ட் முழுக்க மணலைக் கிளறி ஓடு, கண்ணாடி, தூண்டில் முள் எல்லாம் பொறுக்காமல் யாரையும் வெறுங்காலில் இறக்காதீர்கள்.

பந்து விஷயத்தில் பலர் கவனிப்பதில்லை. உள்ளரங்கப் பந்தில் காற்று ஒரு சதுர செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோ வரை இருக்க வேண்டும். பீச் பந்துக்கு 0.175 முதல் 0.225 தான், அதாவது நன்றாகவே மெத்தென்று இருக்கும். கல் மாதிரி காற்றடித்த பந்தை வெயிலில் வைத்தால் இன்னும் இறுகி, முன்கை சிவந்துபோகும். ஆட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். வால்வில் மணல் இருந்தால் துடைத்துவிட்டு, ஊசியை நனைத்துச் செருகுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்துவிடுவதால் ஆள் சேர்க்க அதுதான் நல்ல சமயம். அதே நாட்களில் பல வீடுகளில் கையில் காசு இருக்காது, போட்டி நடத்தினால் நுழைவுக் கட்டணத்தை அதற்குத் தகுந்த மாதிரி வையுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கழி, நெட் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கடற்கரைப் பக்கமே போகாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த ஊர் இது.

டீம் நிலைத்துவிட்டால் மன்றமாகப் பதிவு செய்யலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். தமிழ்நாடு அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பொதுமக்களுக்கும் தனிப்பிரிவு உண்டு, ஆன்லைனில் பதிய வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்காமல் எல்லோருடைய ஆதார், வயதுச் சான்று நகலை ஒரே கவரில் போட்டு ஒருவர் பொறுப்பில் வையுங்கள்.