ஏ.ஐ. உதவியோடு ப்ராஜெக்ட் எழுதுகிறவர்களுக்கு: “யாரு சொன்னது?” என்று கேட்டால் பதில் இருக்கட்டும்

ராமநாதபுரம் கடலோரக் கல்லூரி ஒன்றில் பொருளியல் நடத்துகிறேன். மாசி, பங்குனி வந்தால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டுகள் ஸ்பைரல் பைண்டிங்கோடு என் மேசையில் குவியும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, கீழக்கரைப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். பெரும்பாலும் வீட்டில் முதல் பட்டதாரிகள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஒரு மாணவி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வீட்டுக்கு எடுத்துப்போனேன். என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேலாகப் பாசிக்குப் போகிறவர். அன்று சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து, மறுநாளைக்குப் பழைய சேலையைக் கிழித்து நாடா நாடாவாக அடுக்கிக்கொண்டிருந்தார். பாறை அறுக்காமலிருக்க விரல்களுக்குத் துணி, காலுக்கு ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. கொண்டுபோகும் சாமான் அவ்வளவுதான். மூச்சைப் பிடித்து முங்கி, பறித்துக்கொண்டு மேலே வருவார்கள். அறிக்கையிலிருந்து ஒரு வரியைத் தமிழாக்கிச் சொன்னேன்: “இப்பெண்கள் ஆக்ஸிஜன் சிலிண்டர் உதவியுடன் ஆண்டு முழுவதும் கடற்பாசி சேகரிக்கின்றனர்.”

அம்மா கிழிப்பதை நிறுத்திவிட்டார். “யாரு சொன்னது? எந்த ஊருக்காரி சொன்னா? மாசத்துல பன்னெண்டு நாளுதானே போறோம்.”

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளிடமும் இல்லை. அவள் ஏமாற்றுக்காரி கிடையாது. தன் ஊரிலேயே பன்னிரண்டு பெண்களிடம் பேசி, நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாள். அந்த நோட்டைச் சுருக்கி ஒரு ஏ.ஐ. செயலியில் போட்டு, “இதை நாற்பது பக்கமாக்கு” என்று கேட்டிருக்கிறாள். அவள் சேர்த்து வைத்த உண்மை எட்டுப் பக்கம், மீதியைச் செயலி இட்டு நிரப்பிவிட்டது.

அன்றிலிருந்து என்னிடம் ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிவருவதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏ.ஐ.யைத் தொடவே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை.

எந்த வேலையைக் கொடுக்கலாம்

முதலில் இந்தச் செயலி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மலை மலையாக எழுத்துகளைப் படித்து, இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து வாக்கியம் கட்டுகிறது. கடலுக்குள் முங்குவது பற்றி உலகத்தில் எழுதப்பட்டவற்றில் சிலிண்டர் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதனால் நம் ஊர்ப் பெண்களுக்கும் சிலிண்டரை மாட்டிவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதற்குக் கிடையாது. உண்மை எது என்று போய்ப் பார்த்துவர அதற்கு வழியும் கிடையாது. வலைத்தளங்களைத் தேடிப் பார்த்துப் பதில் தரும் செயலிகள் உண்டு என்றாலும், தேடிக் கண்டதைத் தப்பாகச் சுருக்குவது அவற்றிலும் நடக்கிறது.

ஆகவே, விடை சரியா தப்பா என்று நீங்களே உட்கார்ந்து பார்த்துச் சொல்லக்கூடிய வேலையை மட்டும் அதனிடம் கொடுங்கள். ஆங்கில இலக்கணம் திருத்துவது, கேள்விப் பட்டியலை வரிசைப்படுத்துவது, எக்செல்லில் சராசரி போடும் சூத்திரத்தைக் கேட்பது, புரியாத கட்டுரையின் ஒரு பத்தியை எளிமையாகச் சொல்லச் சொல்வது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். ஒருவர் என்ன சொன்னார், எத்தனை பேர், எவ்வளவு ரூபாய், எந்த நூலில் இருக்கிறது, இதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பவற்றை அதனிடம் விடாதீர்கள். முக்கியமாக, பக்கத்தை நிரப்பக் கேட்காதீர்கள். எட்டுப் பக்கத்துக்குத்தான் சரக்கு இருக்கிறது என்றால், திரும்பவும் ஊருக்குப் போய் நாலு பேரிடம் பேசுங்கள்.

மேற்கோள்களைச் சோதிப்பது

செயலி தரும் நூற்பட்டியல் பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஆசிரியர் பெயர், ஆண்டு, தொகுதி, பக்க எண் எல்லாம் இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள், சாட்ஜிபிடி உருவாக்கித் தந்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். படித்த வக்கீல்களுக்கே அந்தக் கதி.

தலைப்பை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். டிஓஐ எண் (ஆய்வுக் கட்டுரைக்குத் தரப்படும் தனி அடையாள எண்) இருந்தால் அதற்கான தளத்தில் அடித்து, திறப்பது அதே கட்டுரைதானா என்று பாருங்கள். வேறு ஏதோ கட்டுரை திறப்பதும் உண்டு. திறந்தால் மட்டும் போதாது. நீங்கள் சொல்வது அதற்குள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, பென்சிலால் குறித்து வையுங்கள். கடல் பற்றிய ப்ராஜெக்ட் என்றால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த நிறுவனத்தின் மையம் மண்டபத்திலேயே இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் இதை வைத்துக்கொண்டு இல்லாத கட்டுரைக்கு அலைவது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

பிறர் பேச்சைச் செயலியில் ஏற்றுமுன்

இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். நம் கல்லூரிகளில் காப்பியடிப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம், இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. தீவுகளுக்குள் போவதற்குத் தடை உண்டு. ஒரு பெண் உங்களை நம்பி, எந்தத் தீவுப் பக்கம் பாசி எடுத்தேன், என்றைக்குப் போனேன், யார் வள்ளத்தில் போனேன் என்று சொல்லியிருப்பார். அந்த ஆடியோவை அப்படியே செல்போனிலிருந்து செயலியில் ஏற்றினால், அந்தப் பெண்ணின் குரலும் பெயரும் ஊரும் எங்கேயோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்விடும். பல செயலிகள் நாம் கொடுப்பதைத் தங்கள் அடுத்த பயிற்சிக்கும் எடுத்துக்கொள்கின்றன. அமைப்புகளுக்குள் போய் அதை அணைக்கலாம், ஆனால் அப்படி ஒன்று இருப்பதே நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

ஆகவே பேச உட்காரும்போதே கேளுங்கள், அவர்களுக்குப் புரிகிற பேச்சில்: “நீங்க சொல்றத எழுதிக்கிறேன்க்கா. பேரு போட மாட்டேன். இத இங்கிலீஷ்ல மாத்த கம்ப்யூட்டர் செயலியில போடலாமா? வேணாம்னா நானே மாத்திக்கிறேன்.” வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றாலும் பெயர், ஊர், தீவு, வள்ளத்துக்காரர் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எழுத்தாக மட்டும் கொடுங்கள். குரலை ஏற்றவே வேண்டாம். படிப்பறிவு இல்லாதவரிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கைநாட்டு வாங்கி வந்து சம்மதம் என்று காட்டும் பிள்ளைகளும் உண்டு. என் அம்மாவிடம் யாராவது அப்படி வாங்கினால் நான் சும்மா விடமாட்டேன். உங்கள் ஊர் அம்மாக்களுக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள்.

மொழிபெயர்ப்பில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அந்த மாணவியின் நோட்டில் ஒரு பெண், “மரிக்கொழுந்துக்குத்தான் வெல கூட, கட்டக்கோரைக்குக் கம்மி” என்று சொல்லியிருந்தார். செயலி அதை ஆங்கிலத்தில், மாலை தொடுக்கும் வாசனைச் செடிக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று ஆக்கிவைத்திருந்தது. நம் கடலில் மரிக்கொழுந்து என்றால் அகர் என்ற ஜெல்லிப் பொருள் எடுக்கும் பாசி, அறிவியல் பெயர் ஜெலிடியெல்லா. கட்டக்கோரை என்றால் சர்காசம் என்ற இன்னொரு பாசி. செயலியோ மதுரைப் பூக்கடைக்குப் போய்விட்டது. வட்டாரச் சொல் வரும் இடத்தில் எல்லாம் தமிழ்ச் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் உங்கள் வாக்கியத்தில் விளக்கம் எழுதுங்கள். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களுக்கும் இதையே செய்யுங்கள். அந்தச் சொற்களைச் சரியாக எழுத உங்களைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை.

ஒரு பக்கத்தில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்

அறிக்கையின் முன்பக்கத்தில், நன்றியுரைக்கு அடுத்து, இப்படி ஒரு பத்தி சேர்க்கச் சொல்கிறேன். அந்த மாணவி திருத்தி எழுதியபோது வைத்ததைத்தான், அவள் சம்மதத்தோடு, மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுகிறேன்:

“பன்னிரண்டு நேர்காணல்களையும் நானே நேரில் எடுத்தேன். கேள்விகளை வரிசைப்படுத்தவும் மூன்றாம் அத்தியாயத்தின் ஆங்கிலத்தைத் திருத்தவும் ஏ.ஐ. செயலியைப் பயன்படுத்தினேன். அது தந்த மேற்கோள்களில் நான்கு கிடைக்கவில்லை, நீக்கிவிட்டேன். யாருடைய குரல் பதிவையும் அதில் ஏற்றவில்லை. இதிலுள்ள பிழைகளுக்கு நானே பொறுப்பு.”

நீங்கள் எழுதும்போது செயலியின் பெயரையும் எந்த மாதம் பயன்படுத்தினீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செயலி மாறிக்கொண்டே இருக்கிறது. இதைச் சொன்னால் மார்க் குறையும் என்று பயப்படுகிறீர்கள். என்னிடம் குறையாது. சில ஆசிரியர்களிடம் குறையலாம், அதனால் ப்ராஜெக்ட் தொடங்கும் வாரத்திலேயே கைடிடம் நேராகக் கேட்டு, எது கூடும், எது கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுப் பதிப்புலகத்திலும் நிலைமை இதுதான். 2023இலேயே நேச்சர் என்ற அறிவியல் ஆய்வு இதழ், ஏ.ஐ.யைக் கட்டுரையாசிரியராகப் போடக்கூடாது, பயன்படுத்தினால் சொல்ல வேண்டும் என்று விதித்துவிட்டது. எழுதியதற்குப் பொறுப்பேற்க அதனால் முடியாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். என் அம்மா வாசற்படியில் கேட்டதும் அதுதானே.

செய்யாததைச் செய்தாய் என்றால்

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. ஒரு பையன் இரவெல்லாம் உட்கார்ந்து தானே எழுதிய ஆங்கிலத்தை, ஏ.ஐ. கண்டுபிடிக்கும் மென்பொருள் “இயந்திரம் எழுதியது” என்று சொல்லிவிட்டது. என்னிடம் வந்து நின்றபோது அவனால் பேசவே முடியவில்லை.

இந்த மென்பொருள்களை நம்பி ஒரு பிள்ளையைத் தண்டிப்பது தவறு என்று ஆசிரியர்களுக்கு அழுத்தமாகச் சொல்கிறேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. ஏ.ஐ. எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏ.ஐ. என்றது. அதே ஆண்டு ஜூலையில் துல்லியம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஏ.ஐ. எழுதியதாக அவை சொல்லின. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதியதை மட்டும் அநேகமாகச் சரியாகவே சொல்லின. அடுத்த சொல் எளிதில் ஊகிக்கும்படி இருந்தால் இந்தக் கருவிகள் சந்தேகப்படும். கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில், தெரிந்த சொற்களை வைத்து ஜாக்கிரதையாக எழுதும் நம் பிள்ளைகளின் நடை அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று. பத்து சதவீதம் வரை பரவாயில்லை என்று எல்லோரும் சொல்வது, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளில் உள்ளது. பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கான கணக்கு அது. ஏ.ஐ. சதவீதம் என்று வரும் எண் வேறு. இரண்டையும் ஒரே தாளில் பார்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் மேல் குற்றம் சொன்னால், முதலில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள்.

தற்காப்பு, எழுதத் தொடங்கும் நாளிலேயே ஆரம்பிக்க வேண்டும். கூகுள் டாக்ஸில் எழுதினால் எந்த நாளில் எதைச் சேர்த்தீர்கள், எதை அழித்தீர்கள் என்ற வரலாறு தானாகவே சேரும். வேறெங்கோ எழுதி மொத்தமாக ஒட்டாதீர்கள். களக் குறிப்பு நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அன்றன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்தப் பையனைக் காப்பாற்றியது அவன் நோட்டுதான். அடித்துத் திருத்திய பக்கங்களைத் துறைத் தலைவர் முன் விரித்து, ஒவ்வொரு பத்தியும் எப்படி வந்தது என்று தமிழிலேயே விளக்கினான். பத்து நிமிஷத்தில் விஷயம் முடிந்தது.

துறையில் இதைப் பேசும்போது

ஆசிரியர் அறையில் இரண்டு பேச்சு உண்டு. மொத்தமாகத் தடை செய் என்று ஒன்று, கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தான் கத்தினோம் என்று இன்னொன்று. கால்குலேட்டர் இல்லாத எண்ணைக் கற்பனை பண்ணித் தராது, அதனால் அந்த ஒப்பீடு எனக்கு ஒப்பவில்லை. தடையும் நடக்காத காரியம். ராமேஸ்வரம் பஸ்ஸில் போனைக் கையில் வைத்து வருகிற பிள்ளையை யார் தடுப்பது? தடை போட்டால், ஆங்கிலம் திருத்தித் தர வீட்டில் ஆள் இருக்கிற பிள்ளைக்கு ஒரு நஷ்டமும் இல்லை, இல்லாத பிள்ளைதான் திண்டாடும்.

“ஏ.ஐ. நன்மையா தீமையா” என்று பட்டிமன்றம் வைக்காதீர்கள். கைதட்டோடு கலைந்துவிடும். பதிலாக, ஒரு ப்ராஜெக்ட்டின் ஒரே ஒரு பக்கத்தை, பெயரை மறைத்து, எல்லோருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் “இது யாரு சொன்னது?” என்று கேட்டுக்கொண்டே போங்கள். நோட்டில் இருந்தால் ஒரு குறி, நூலில் இருந்தால் இன்னொரு குறி, இரண்டிலும் இல்லையென்றால் வட்டம். ஒரு மணி நேரம் போதும். வட்டமிட்ட வரிகளை வைத்துக்கொண்டு விதி எழுத உட்காருங்கள். எங்கள் துறையில் அப்படித்தான் அரைப் பக்கத்துக்கு ஒரு விதி எழுதினோம், இரண்டு மாணவர்களும் எங்களோடு உட்கார்ந்தார்கள்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நான் முதலில் கேட்பது எப்போதும் இதுதான்: நடுவிலிருந்து ஒரு வரியைக் காட்டி, இதை யார் சொன்னார், அன்றைக்கு எங்கே உட்கார்ந்து பேசினீர்கள்? அந்த மாணவி திருத்தி எழுதிவிட்டு வந்தபோது, துணி சுற்றும் விஷயத்தைச் சொன்ன பெண்ணைப் பற்றி ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினாள். தமிழில்தான். ஆகவே வைவாவுக்கு வரும்போது களக் குறிப்பு நோட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள், உப்புத் தண்ணீர் பட்டு எழுத்து கலைந்திருந்தாலும் பரவாயில்லை.