வெளிநாட்டு மருத்துவமனையில் குழந்தையுடன் தங்கும் பெற்றோருக்கு: வழிபாடும் பிறர் உதவியும்

குழந்தையின் சிகிச்சைக்காக வேறொரு நாட்டுக்குச் செல்லும் பெற்றோர், மருத்துவ அறிக்கைகளையும் விசாவையும் சரிபார்ப்பதில் காட்டும் கவனத்தைத் தங்கள் வழிபாட்டு முறைக்கும், முன்பின் அறியாதவர்கள் செய்ய வரும் உதவிக்கும் காட்டுவதில்லை. இவ்விரண்டைப் பற்றியும் முதல் சில நாட்களிலேயே செவிலியரிடம் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

குழந்தையின் உடலில் தாயத்து, சிலுவை, மந்திரித்த கயிறு என எது இருந்தாலும் அனுமதிக்கும் நாளன்றே தெரிவியுங்கள். வலுவான காந்தம் கொண்ட எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் உலோகத்துடன் செல்ல முடியாது. அறுவை சிகிச்சைக்கு முன்பும் கழற்றச் சொல்வார்கள். வேறு யாரோ அவசரமாக வெட்டி எடுப்பதைவிட, முந்தைய இரவே நீங்கள் கழற்றி, மீண்டும் அணிவிக்கும்வரை உங்களிடம் இருக்கும் என்று குழந்தையிடம் சொல்லிவிடலாம். ஆக்சிஜன் செலுத்தும் இடத்தில் விளக்கோ மெழுகுவத்தியோ ஊதுவத்தியோ ஏற்றவே கூடாது. கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைக்குப் புனித நீரைக் குடிக்கக் கொடுத்தால் கிருமித் தொற்று ஏற்படக்கூடும்; மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்துக்கு முன் பொதுவாகத் திட உணவை 6 மணி நேரமும் தாய்ப்பாலை 4 மணி நேரமும் நிறுத்தச் சொல்வார்கள். இறைவனுக்குப் படைத்த இனிப்பில் ஒரு துணுக்கை வாயில் இட்டாலும் அறுவை சிகிச்சை தள்ளிப்போகலாம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக நான் கருதுவது, குழந்தையிடம் நாம் பேசும் விதத்தை. "நீ நன்றாகப் பிரார்த்தனை செய்தால் சீக்கிரம் சரியாகிவிடும்" என்று சொல்லப்பட்ட சிறு குழந்தை, காய்ச்சல் திரும்பியதும் தன் பிரார்த்தனையில்தான் குறை இருந்தது என்று எண்ணிக்கொள்ளும். கடவுள் கூடவே இருக்கிறார் என்று சொல்லுங்கள். குணமாகும் நாளை அவர் பெயரால் உறுதியளிக்காதீர்கள். உங்கள் அச்சத்தையும் கோபத்தையும் சொல்லி அழ, பல பெரிய மருத்துவமனைகளில் ஆன்மிகத் துணைப் பணியாளர் இருப்பார். அவர் உங்கள் சமயத்தைச் சேர்ந்தவராக இல்லாவிட்டாலும் தயங்க வேண்டியதில்லை; மதம் மாற்றுவது அவர் வேலையன்று.

உதவியைப் பொறுத்தவரை, நோயாளிகளின் குடும்பங்களுக்கு வழிகாட்டும் மருத்துவ சமூகப் பணியாளரை முதலில் பாருங்கள். 1974ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லங்கள் போன்ற, நோயுற்ற குழந்தைகளின் குடும்பங்களுக்கான தங்குமிடங்கள் பல நாடுகளில் உள்ளன. இடம் கேட்க அவரே வழி சொல்வார்.

"என்ன செய்யட்டும்?" என்று கேட்பவரிடம் "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்வது பண்பாகத் தோன்றினாலும், கேட்டவரை அது விலக்கிவிடும். துணி துவைத்துத் தருவது, நீங்கள் குளித்து வரும்வரை குழந்தையின் அருகில் அமர்ந்திருப்பது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். இரத்தம் தர முன்வருபவர்களை ஒரே நாளில் வரச்சொல்லாமல், இரத்த வங்கி கேட்கும் நாளில் அனுப்புங்கள்; இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) சில நாட்களே சேமித்து வைக்க முடியும். உங்கள் மொழி தெரிந்த அன்பர் கடைக்குத் துணையாக வரட்டும். ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போது மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரையே கேளுங்கள். ஆறுதலாகச் சொல்ல நினைத்து, ஆபத்துகளை அந்த அன்பர் மென்மையாக்கிவிடக்கூடும். பணம் தருவோரிடம் நேரடியாக மருத்துவமனைக் கணக்கில் செலுத்தச் சொல்லி, ரசீதின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடை கிடைக்கும் என்பதற்காகக் குழந்தையின் முகமும் நோயின் விவரமும் தெரியும் படத்தைப் பொதுவில் பரப்ப எவருக்கும் அனுமதி தராதீர்கள்.