பெரிய தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய திரையுள்ள தொலைக்காட்சி ஒன்றைச் சுவரில் மாட்ட முடிவெடுத்ததும் பலர் முதலில் பார்ப்பது அதன் அங்குல அளவையும், அந்த அளவு அச்சிடப்பட்ட வால் மவுண்ட் (தொலைக்காட்சியைச் சுவரில் தாங்கும் சட்டம்) பெட்டியையும்தான். எந்தச் சுவரில் மாட்டப் போகிறோம் என்ற கேள்வி கடைசியில்தான் எழுகிறது. சில வேளைகளில் துளை போடத் தொடங்கிய பிறகே எழுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டாலே பாதித் தவறுகள் நேராமல் போகும். தொலைக்காட்சியின் எடை மவுண்ட் வழியாகத் திருகுக்கும், திருகிலிருந்து பிளக்குக்கும் (திருகைப் பற்றிக்கொள்ளச் சுவர்த் துளையில் செருகும் சிறு குழல்), பிளக்கிலிருந்து சுவருக்கும் செல்கிறது. இவற்றில் எது மிகவும் பலவீனமோ, அதுதான் மொத்த அமைப்பின் பலம்.

ஆகவே முதலில் சுவர். கான்கிரீட்டும் கெட்டியான செங்கல்லும் நல்ல பிடிப்பைத் தரும். ஹாலோ பிளாக் எனப்படும் உள்ளீடற்ற கல்லில் சாதாரண பிளக்கை அடித்தால், அது வெற்றிடத்தில் தொங்குமேயன்றி எதையும் பற்றாது. அங்கே வலைக்குழலோடு கூடிய கெமிக்கல் ஆங்கரோ (துளையில் இறுகும் பசையால் திருகுக்கம்பியைப் பிடிக்க வைப்பது), உள்ளீடற்ற சுவருக்கென்றே செய்யப்பட்ட பிளக்கோ வேண்டும். எடை குறைந்த காற்றூட்டக் கற்கள் மென்மையானவை என்பதால் அவற்றுக்கும் தனி வகைப் பிளக்குகள் உள்ளன. ஜிப்சம் பலகைச் சுவரில் பலகையை நம்பி எதையும் மாட்டக் கூடாது. அதன் பின்னால் நிற்கும் மர அல்லது இரும்புச் சட்டங்களைக் கண்டறிந்து, அவற்றின் நடுப்பகுதியில்தான் திருகு இறங்க வேண்டும். இச்சட்டங்கள் பெரும்பாலும் 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் நிற்கும், மவுண்டின் சுவர்த்தகடு குறைந்தது இரண்டு சட்டங்களையாவது எட்டும் அகலம் கொண்டதா என்பதை வாங்கும் முன்பே அளந்துகொள்ள வேண்டும். சட்டங்கள் மெல்லிய இரும்புத் தகடாக இருந்தால், அவற்றுக்கிடையே தடித்த ஒட்டுப்பலகை ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் மவுண்டை அமைப்பதே பாதுகாப்பானது.

செங்கல் சுவரிலும் ஏமாறுவதற்கு இடமுண்டு. நாம் வெளியே பார்ப்பது பூச்சைத்தான். அது எடை தாங்குவதற்காகப் பூசப்பட்டதன்று. பூச்சு 15 அல்லது 20 மி.மீ. தடிமன் இருக்கும் இடத்தில் 40 மி.மீ. பிளக்கை விளிம்போடு நிறுத்திவிட்டால், அதில் ஏறத்தாழப் பாதி செங்கல்லுக்குள் போவதே இல்லை. பிளக் முழுவதும் செங்கல்லில் அமரும்படி உள்ளே தள்ளி, அதற்கேற்ப நீளமான திருகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளக்கின் நீளம், பூச்சின் தடிமன், தகட்டின் தடிமன் ஆகிய மூன்றையும் கூட்டினால் வருவதே திருகின் குறைந்தபட்ச நீளம். செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்து இணைப்பில் விழுந்த துளையில் பிடிப்புக் குறைவு. செங்கல்லின் ஓரத்தில் விரிவடையும் ஆங்கர் போல்ட்டை இறுக்கினால் கல்லே பிளந்துவிடலாம். துளையிட்டபின் உள்ளே தங்கிய தூளை ஊதியோ உறிஞ்சியோ நீக்குவது ஒரு நிமிட வேலைதான். ஆனால் அதைச் செய்யாவிட்டால் பிளக் தூளைப் பற்றுமே தவிரச் சுவரைப் பற்றாது. மவுண்டோடு பெட்டியில் வரும் பிளக்குகள் ஒரு பொதுவான சுவரை மனத்தில் வைத்துக் கொடுக்கப்படுபவை. அவை நம் சுவருக்குப் பொருந்தாவிட்டால் ஒதுக்கிவிட்டுப் பொருத்தமானவற்றை வாங்குவதில் தயங்கவே கூடாது.

துளை போடும் இடத்தில் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ ஓடுகிறதா என்று பார்க்காமல் டிரில்லைத் தொடக் கூடாது. சுவிட்ச் பெட்டிக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் கம்பி செல்லும் வாய்ப்பு அதிகம். சுவரின் மறுபுறம் குளியலறை இருந்தால் குழாய் குறித்த எச்சரிக்கையும் தேவை. சுவருக்குள் இருக்கும் உலோகத்தையும் மின்னோட்டத்தையும் காட்டும் கருவியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்து மவுண்ட். அங்குலக் கணக்கு ஒரு வழிகாட்டி மட்டுமே. உண்மையில் பொருந்த வேண்டியவை இரண்டு. ஒன்று, தொலைக்காட்சியின் பின்புறமுள்ள நான்கு திருகுத் துளைகளின் இடைவெளி. வெசா என்ற தர அளவின்படி இது மில்லிமீட்டரில், முதலில் கிடைமட்டமும் பிறகு செங்குத்துமாக, 400×300, 600×400 என்றவாறு குறிக்கப்படும். ஒரே அங்குல அளவுள்ள இரண்டு தொலைக்காட்சிகளுக்கு இந்த இடைவெளி வேறுபடுவது உண்டு. மற்றொன்று எடை. 65 அங்குலத் தொலைக்காட்சிகள் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ வரையிலும், 85 அங்குலத்தவை 40 கிலோவை ஒட்டியோ மிஞ்சியோ இருக்கும். மாதிரிக்கு மாதிரி இது மாறுவதால், கையேட்டில் ‘ஸ்டாண்ட் இல்லாமல்’ என்று தரப்பட்டிருக்கும் எடையையே எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் தாராளமான இடைவெளி விட்டு மவுண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லாப் பக்கமும் திரும்பும் கை வைத்த மவுண்ட் எல்லாருக்கும் பிடித்துப்போகிறது. ஆனால் சுவருக்கு அது கொடுக்கும் சுமையை யாரும் கணக்கிடுவதில்லை. 25 கிலோ தொலைக்காட்சி ஒன்று சுவரிலிருந்து 50 செ.மீ. வெளியே நீட்டப்பட்டுள்ளது என்றும், சுவர்த்தகட்டின் மேல் திருகுகளுக்கும் கீழ்த் திருகுகளுக்கும் இடையே 25 செ.மீ. உள்ளது என்றும் கொள்வோம். அப்போது மேல் திருகுகளைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் விசை ஏறத்தாழ 50 கிலோ. கையின் சொந்த எடை இதில் சேரவில்லை. அதே தொலைக்காட்சி சுவரிலிருந்து 6 செ.மீ. தள்ளி நிலையான மவுண்டில் இருந்தால், இவ்விசை 6 கிலோ அளவுக்கு இறங்கிவிடுகிறது. பல இடங்களிலிருந்து பார்க்க வேண்டிய கட்டாயமோ மூலையில் மாட்ட வேண்டிய தேவையோ இல்லாதவர்களுக்கு நிலையானதோ, சற்றே சாய்வதோ போதும் என்பதே என் உறுதியான கருத்து. அதே நேரத்தில், சுவரோடு ஒட்டிய மெல்லிய மவுண்டை வாங்கும் முன் கேபிள் துளைகள் எந்தப் பக்கம் நோக்கியுள்ளன என்று பாருங்கள். அவை நேராகச் சுவரைப் பார்த்திருந்தால், எச்டிஎம்ஐ முனை மடங்கவோ உடையவோ நேரிடும்.

உயரத்தில் செய்யப்படும் தவறு கழுத்துக்குத்தான் தெரியும். நின்றுகொண்டு குறிக்கும்போது கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் இடம், அமர்ந்து பார்ப்பவருக்கு மிக உயரம். சோபாவில் அமர்ந்தவரின் கண்மட்டம் பொதுவாகத் தரையிலிருந்து 100 முதல் 110 செ.மீ.; திரையின் நடுப்பகுதி அதையொட்டி இருக்கட்டும். 65 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 81 செ.மீ. என்பதால், அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 65 செ.மீ. அளவில் வரும். படுத்துப் பார்க்கும் அறையாக இருந்தால் உயரத்தைக் கூட்டித் திரையைக் கீழ்நோக்கிச் சாய்க்கலாம். வெசா துளைகள் பல மாதிரிகளில் திரையின் நடுவில் இருப்பதில்லை. ஆகவே தகட்டின் நடுவைத் திரையின் நடுவாக எண்ணித் துளையிட்டால் தொலைக்காட்சி எதிர்பாராத உயரத்தில் போய் நிற்கும். தொலைக்காட்சியின் கீழ்விளிம்பிலிருந்து மேல் வெசா துளை வரையுள்ள தூரத்தையும், அந்தத் துளையிலிருந்து மவுண்டின் கொக்கி வரையுள்ள தூரத்தையும் அளந்து, அதிலிருந்து சுவரில் துளை விழ வேண்டிய இடத்தைக் கணக்கிட வேண்டும். திரையின் அளவில் வெட்டிய அட்டையைச் சுவரில் ஒட்டி ஒருநாள் பார்த்துவிட்டுக் குறித்தால் ஐயம் மிஞ்சாது.

தொலைக்காட்சியின் பின்புறத் திருகுகளிலும் கவனம் தேவை. பெரிய மாதிரிகளில் அவை பெரும்பாலும் எம்6 அல்லது எம்8, அதாவது 6 அல்லது 8 மி.மீ. தடிமன் கொண்டவை. கைக்குக் கிடைத்த நீளமான திருகை முடுக்கினால் உள்ளிருக்கும் பாகங்களைக் குத்திவிடும். குட்டையானது இரண்டு மூன்று மரைகளில் மட்டுமே பற்றிக்கொண்டு நிற்கும். துளை உள்ளடங்கியிருந்தாலோ பின்புறம் வளைந்திருந்தாலோ இடைக்குழல் வைக்க வேண்டும். மின்விசைக் கருவியைத் தவிர்த்துக் கையாலேயே முடுக்குங்கள்.

மாட்டும்போது குறைந்தது இருவர் வேண்டும். மிகப் பெரியதற்கு மூவர். சட்டத்தைப் பிடிக்க வேண்டுமேயன்றித் திரைக்கண்ணாடியை அழுத்தக் கூடாது. ஓஎல்இடி போன்ற மெல்லிய திரைகளைக் கையேடு அனுமதிக்காதவரை முகம் கவிழ்த்துப் படுக்க வைப்பதும் ஆபத்து. தகட்டை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துப் பூட்டியபின், தொலைக்காட்சியை ஏற்றுவதற்கு முன்பாகவே ஒருவர் தகட்டைப் பலமாகக் கீழிழுத்துப் பார்க்க வேண்டும். சிறிதளவு அசைந்தாலும் வேலையை நிறுத்திவிட்டுத் துளையைச் சரிசெய்ய வேண்டும். கொக்கியில் மாட்டியதோடு பணி முடிவதில்லை: கீழே உள்ள பூட்டுத் திருகையோ இழுகயிற்றையோ பூட்டாமல் விட்டால், துடைக்கும்போது கைபட்டாலும் தொலைக்காட்சி கொக்கியிலிருந்து எழும்பி விழக்கூடும். திரும்பும் கை உள்ளதானால், கையை முழுதாக நீட்டி இருபுறமும் திருப்பி, கேபிள்கள் இழுபடாமல் தளர்வாக வருகின்றனவா என்று பார்த்த பிறகே அவற்றைக் கட்ட வேண்டும். அதன் மூட்டுத் திருகுகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை இறுக்கியும் வர வேண்டும்.