சொந்த மெயில் ஐடிக்கு டொமைன் வாங்கப் போகிறீர்களா? முதலில் இரண்டாம் வருட விலையைப் பாருங்கள்

மெயில் ஐடியை மாற்றுவது வீடு மாற்றுவதைவிடச் சிரமம். வங்கி, பான், பிஎஃப், கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் பள்ளி என்று எல்லா இடத்திலும் அது பதிந்து கிடக்கும். டொமைன் என்பது ஐடியில் ‘அட்’ (@) குறிக்குப் பின்னால் வரும் பெயர். சொந்த டொமைனில் ஐடி இருந்தால், நாளைக்கு மெயில் சேவையை மாற்றினாலும் முகவரி மாறாது. அதற்கு வருடம் ஆயிரம் ரூபாயை ஒட்டிச் செலவாகும். ஆனால் இருபது வருடம் கூட வரப்போகிற பெயர் இது, அதனால் நிதானமாக வாங்குங்கள்.

படி 1: பெயரை வாயால் சொல்லிப் பாருங்கள்

தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லையே டி போட்டுத் தொடங்குபவர்களும் இருக்கிறார்கள், டிஎச் போட்டுத் தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். ழகரத்துக்குச் சிலர் எல் போடுவார்கள், சிலர் இசட்எச் போடுவார்கள். ஒரே சொல்லுக்கு நான்கு எழுத்துக்கூட்டல் ஆகிவிட்டது.

என் ஐடியை கேஸ் ஏஜென்சியில் சொன்னபோது, கவுன்ட்டரில் இருந்த பெண் ‘அட்’ வரை சரியாக அடித்தார். அதன்பின் நான் வாயைத் திறப்பதற்குள் ஜிமெயில் டாட் காம் என்று முடித்துவிட்டார். பழக்கம் அப்படி. அழித்துவிட்டு டொமைனை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். இரட்டை ஏ வரும் இடத்தில் மறுபடி தவறு.

ஆகவே வாங்குவதற்கு முன் மூன்று நண்பர்களைத் தனித்தனியாகப் போனில் கூப்பிடுங்கள். ஐடியை ஒரே ஒரு முறை சொல்லி, காதில் விழுந்ததை வாட்ஸ்அப்பில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். அவர்களில் இரண்டு பேர் தவறாக அடித்தால் அந்தப் பெயர் வேண்டாம். ஹைஃபனும் எண்ணும் சேர்க்காதீர்கள்.

தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ டொமைன் வாங்க முடியும். எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் பல படிவங்கள் தமிழ் எழுத்து முகவரியை இன்னும் ஏற்பதில்லை. ஒரே மெயில் ஐடியாக அதை நம்பி இருக்க வேண்டாம்.

படி 2: புள்ளிக்குப் பின்னால் என்ன?

டாட் காம், இல்லையென்றால் டாட் இன். தொடங்குபவர்களுக்கு நான் இந்த இரண்டைத்தான் சொல்வேன். டாட் காமை நடத்தும் வெரிசைன் நிறுவனம், டொமைன் விற்பவர்களிடம் வாங்கும் மொத்த விற்பனை விலையை இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. ஒப்பந்தப்படி குறிப்பிட்ட ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 7 சதவீதம். டாட் இன்னை நிக்ஸி என்ற இந்திய அமைப்பு நிர்வகிக்கிறது. 2005 முதல் தனிநபர் யாரும் அதை வாங்கலாம்.

புதிதாக வந்த டாட் எக்ஸ்ஒய்இசட் போன்றவற்றுக்கு இப்படி விலை வரம்பு இல்லை. முதல் வருடம் மலிவாகக் கிடைப்பதால் ஸ்பேம் அனுப்புபவர்களும் அவற்றை அள்ளி வாங்குகிறார்கள். அதனால் நீங்கள் ஒழுங்காக அனுப்பும் மெயிலும் சில இடங்களில் சந்தேகத்தோடு பார்க்கப்படும்.

இலவசம் என்றால் வேண்டவே வேண்டாம். டாட் டிகே, டாட் எம்எல் போன்றவற்றை இலவசமாகக் கொடுத்துவந்த ஃப்ரீனாம், 2023-இல் புதிய பதிவுகளை நிறுத்தியது. அடுத்த வருடம் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது. நாடுகளின் பெயரில் உள்ளவற்றிலும் கவனம் வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறியபோது, அங்கிருந்த ஏராளமானோர் டாட் ஈயூ முகவரியை இழந்தார்கள்.

படி 3: இரண்டாம் வருட விலை

என் முதல் டொமைனை ₹149-க்கு வாங்கினேன். அடுத்த வருடம் புதுப்பிக்க ஈராயிரத்துக்கு மேல் கேட்டார்கள். அந்த விலை முதல் நாளே பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. ‘ரினியூவல்’ விலையைத் தேடிப் பிடித்து, அதைப் பத்தால் பெருக்குங்கள். அதுதான் பத்து வருடத்துக்கு அந்தப் பெயரின் உண்மையான விலை. பணம் கட்டும் முன் வரும் ஷாப்பிங் கார்ட்டில் ஹோஸ்டிங் (இணையதளம் வைக்க இடம்), பாதுகாப்பு என்று தானாகவே டிக் ஆகியிருப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். முடிந்தால் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள். பத்து வருடம் வரை கட்ட முடியும்.

படி 4: கைவிட்டுப் போகாமல் காப்பது

இதில் அவசரப்படாதீர்கள். டொமைன் விற்பவரிடம் கணக்குத் தொடங்கும்போது அந்த டொமைனின் ஐடியையே கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும். ‘பணம் கட்டுங்கள்’ என்ற அறிவிப்பே உங்களுக்கு வராது. பழைய ஜிமெயிலைக் கொடுங்கள். இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவையுங்கள்.

‘ஆட்டோ ரினியூ’ இருக்கிறதே என்று நம்பியும் இருக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரில் மாறியதிலிருந்து, நம் கார்டில் தானாகப் பணம் எடுக்க முன் அனுமதிப் பதிவு தேவை. வெளிநாட்டு விற்பனையாளரிடம் இது பலமுறை தோற்றுப்போகும். போன் காலண்டரில் காலாவதிக்கு 60 நாள் முன்பு ஒரு நினைவூட்டல் வையுங்கள்.

டாட் காம் காலாவதியானால் முதலில் கொஞ்ச நாள் சாதாரண விலையில் மீட்கலாம். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்கு அபராதம் பல மடங்கு. அதற்கும் பின் 5 நாள் கழிந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பல விற்பனையாளர்கள் அதற்கு முன்பே ஏலத்திலும் விட்டுவிடுவார்கள். அதன்பின் உங்கள் ஐடிக்கு வரும் மெயில் எல்லாம் வாங்கியவருக்குப் போகும். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் உங்கள் கணக்குகள் திறந்துவிடும்.

படி 5: மெயிலை இணைப்பது

சென்னையின் ஜோஹோ உட்படப் பல நிறுவனங்கள் சொந்த டொமைனுக்கு மெயில் சேவை தருகின்றன. அவர்கள் தரும் எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம் வரிகளை டொமைன் விற்றவரின் தளத்தில் உள்ள டிஎன்எஸ் (டொமைனின் அமைப்புகள்) பக்கத்தில் அப்படியே ஒட்டினால் போதும். எம்எக்ஸ் இருந்தால்தான் மெயில் வரும். மற்ற இரண்டும் அனுப்புவது நீங்கள்தான் என்பதற்குச் சான்று. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் அனுப்புபவர்களிடம் இந்தச் சான்றைக் கட்டாயமாக எதிர்பார்க்கிறது. ஒரு ஜிமெயிலுக்கும் ஒரு யாகூவுக்கும் அனுப்பி, இன்பாக்ஸில் விழுகிறதா என்று பாருங்கள்.

உடனே வங்கியில் போய் மாற்றிவிடாதீர்கள். மூன்று மாதம் நண்பர்களுக்கும் ஷாப்பிங்குக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு மின்கட்டணம், காப்பீடு. வங்கி கடைசியில்.

டொமைன் எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் கட்ட வேண்டும், எந்த மெயிலில் கணக்கு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எல்ஐசி பத்திரம் இருக்கும் கோப்பில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அதைக் காட்டிவிடுங்கள்.