ஜிஆர்இ வெர்பல்: நேரத்தைத் தின்னும் தவறுகள்

வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வை 2023 செப்டம்பரில் சுருக்கிவிட்டார்கள். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் வெர்பலில் இப்போது முதல் பகுதிக்கு 18 நிமிடம், 12 கேள்விகள். இரண்டாவதற்கு 23 நிமிடம், 15 கேள்விகள். வகுத்துப் பார்த்தால் கேள்விக்கு ஒன்றரை நிமிடம் வரும். இந்தக் கணக்கை எல்லாக் கேள்விக்கும் அப்படியே வைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. கோடிட்ட ஓர் இடத்துக்கு, ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களை ஆறில் இருந்து தேர்ந்தெடுக்கும் சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ் கேள்வி முக்கால் நிமிடத்தில் முடிய வேண்டியது. அங்கே மிச்சம் பிடித்தால்தான் நீளமான பத்தியை நிதானமாகப் படிக்க முடியும்.

முக்கால் நிமிடத்தில் முடிக்க ஒரு வழி இருக்கிறது: விடைகளை முதலில் பார்க்காதீர்கள். 'பார்க்கக் கடுகடுப்பானவர், பழகினாலோ ______' என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கோடிட்ட இடத்தில் மனதுக்குள் 'இனிமையானவர்' என்று போடுங்கள், தமிழிலேயே போட்டாலும் சரி. அப்புறம் விடைகளுக்குப் போனால் 'ஜீனியல்', 'அஃபபிள்' இரண்டும் தானாகக் கண்ணில் படும். நேரே விடைகளுக்குப் போகிறவர்கள் ஆறு சொற்களையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தே ஒன்றரை நிமிடத்தைத் தொலைக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய தவறு, விட வேண்டிய கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. நான் சொல்லிக்கொடுத்த ஒரு மாணவி மாதிரித் தேர்வில் மூன்று கோடிட்ட இடங்கள் கொண்ட ஒரே கேள்வியில் நாலு நிமிடம் உட்கார்ந்துவிட்டாள். கடைசிப் பத்தியின் கேள்விகளைத் திறக்கவே நேரம் இல்லை. அவை எளிமையானவை, அவளால் கண்டிப்பாகப் போட்டிருக்க முடியும். எனக்கு அதுதான் வருத்தம். ஒரு பகுதிக்குள் எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்புதான், கஷ்டமான கேள்விக்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. மூன்று இடத்தில் இரண்டு சரியாக இருந்தாலும் பாதி மதிப்பெண் தர மாட்டார்கள். இடத்துக்கு மூன்று சொல் என்றால் மொத்தம் 27 சேர்க்கை. ஒற்றைக் கோடிட்ட கேள்வியில் ஐந்தே விடைகள். நேரம் நெருக்கும்போது எதை முதலில் விட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

விடுவது என்றால் காலியாக விடுவது அல்ல. கேட் போன்ற தேர்வுகளை எழுதிய நம் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு நெகட்டிவ் மார்க் பயம் ஊறிப்போயிருக்கிறது. ஜிஆர்இயில் அது கிடையாது. ஏதாவது ஒரு விடையைத் தேர்ந்தெடுத்து, திரையில் உள்ள 'மார்க்' பொத்தானை அழுத்திவிட்டு நகருங்கள். அதே பகுதிக்குள் திரும்பி வந்து மாற்றலாம், பகுதி முடிந்துவிட்டால் முடியாது. முதல் பகுதியில் எப்படிச் செய்தீர்கள் என்பதை வைத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமைகிறது. அதனால் 'அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்' என்று முதல் பகுதியில் கேள்விகளைத் தவறவிடாதீர்கள்.

பத்தியைப் பொறுத்தவரை ஒன்றுதான். முதல் வாசிப்பில் ஒவ்வொரு விவரத்தையும் மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள். ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார், எங்கே 'ஆனால்' வருகிறது என்று பிடித்துக்கொண்டால் போதும். விவரத்தைக் கேள்வி கேட்கும்போது அந்த வரிக்குப் போய்ப் பாருங்கள்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது கடிகாரத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவதும் தவறுதான். ஜிஆர்இயை நடத்தும் இடிஎஸ் நிறுவனத்தின் பவர்பிரெப் ஆன்லைனில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றையாவது இடையில் எழுந்திருக்காமல் எழுதுங்கள். முடித்ததும் மதிப்பெண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எந்தக் கேள்வி இரண்டு நிமிடத்துக்கு மேல் தின்றது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.